கர்ஃப்யூ என்றால் அடுப்பை மூடு

கர்ரக் என்று ஒரு சத்தம். கனத்த இரும்பைச் சாணி மெழுகிய தரையில் இழுத்தால் வருமே, அந்தச் சத்தம்.

நான் முன்கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பொழுது இறங்கிவிட்டது. வாசலில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் பாக்கி இருந்தது. வீட்டில் இரண்டே பேர். ஒன்று நான், ஐந்து மாதக் கர்ப்பிணி. இன்னொருவர் உள்ளறையில் பாயில் படுத்திருந்த பெரியம்மா, என் மாமனாரின் அக்கா. பெரியம்மாவுக்கு இரண்டு காலும் விளங்காது. பாயை விட்டு எழுப்ப இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும்.

அடுப்பங்கரையில் யாரும் கிடையாது. ஆனால் அடுப்பின்மேல் கவிழ்த்திருந்த இரும்பு மூடியை யாரோ நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து போய்ப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். வாய் கிழியப் பேசுகிறவள்தான் நான். அன்றைக்கும் கால்களை மடக்கி, வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு, மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் சோறு கொதிக்கிற வாசனை வந்தது. பயத்துக்கு நடுவிலும் நாக்கில் எச்சில் ஊறியது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் என் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். செஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டவள் செஞ்சியைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை என்று கேட்டிருந்தார். அம்மா, இந்தச் சத்தத்தால்தான் திறக்கவில்லை.

மலை மறைத்தால் பொழுது

நாங்கள் தமிழ் ஜைனர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிடக் கூடாது, நெருப்பு எரியக் கூடாது. வெளிச்சத்துக்கு வருகிற பூச்சிபொட்டு அதில் விழுந்து செத்தால் அந்தப் பாவம் நம் தலையில். பட்டணத்தில் எங்கள் வீட்டில் இதையெல்லாம் பண்டிகை நாளோடு நிறுத்திக்கொண்டிருந்தோம். ராத்திரி எட்டு மணிக்கு மோர்சாதம் சாப்பிட்டு வளர்ந்தவள் நான்.

செஞ்சி வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. என் மாமனார் மல்லாட்டை வியாபாரி. வேர்க்கடலைக்கு அங்கே மல்லாட்டை என்றுதான் பேர். நல்ல மனுஷர், அதிர்ந்து பேச மாட்டார். ஆனால் அடுப்பு விஷயத்தில் இரும்பு. அதற்கென்றே வல்லத்துக் கொல்லரிடம் சொல்லி, கைப்பிடி வைத்த ஒரு மூடி அடித்து வைத்திருந்தார். சாயங்காலம் கனலைச் சாம்பலால் மூடி, அதன்மேல் இந்த மூடியைக் கவிழ்த்துவிடுவார்கள். மறுநாள் சூரியன் வந்த பிறகுதான் எடுப்பார்கள்.

சாயங்காலம் என்றால் எப்போது? அங்கேதான் வம்பு. ஊருக்கு மேற்கே கோட்டை மலை. சூரியன் முதலில் ராஜகிரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும், நிஜமாக மறைய இன்னும் வெகு நேரம் இருக்கும். தெருவில் பிள்ளைகள் வெயிலில் விளையாடிக்கொண்டிருப்பார்கள், எங்கள் கொல்லையில் இருட்டு கட்டியிருக்கும். மலை நிழல் கொல்லைக் கதவைத் தொட்டால் அடுப்பை மூட வேண்டும். அது மாமா போட்ட சட்டம்.

அடுப்பை மூடிய கையோடு மாமாவும் அத்தையும் தெருக்கோடிக் கோயிலுக்குச் சாயங்கால தீபத்துக்குப் போவார்கள். பிள்ளைத்தாய்ச்சி அந்தி நேரத்தில் வெளியே வரக் கூடாது என்று அத்தை என்னை விட்டுவிட்டுப் போவார். என் வீட்டுக்காரருக்குத் தருமபுரியில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். ஆக, அந்த ஒரு மணி நேரம் நானும் பெரியம்மாவும்தான்.

வெள்ளைக்காரன் அடுப்பு

அது இந்தி எதிர்ப்புக் கலவரம் நடந்த வருஷம். மாமா இங்கிலீஷ் பேப்பர் வரவழைப்பார், ஆனால் இங்கிலீஷ் தெரியாது. மத்தியானம் நான் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். அங்கே கர்ஃப்யூ, இங்கே கர்ஃப்யூ என்று அந்த நாட்களில் தினம் ஒரு ஊரின் பெயர் வரும்.

"கர்ஃப்யூன்னா இன்னாம்மா?" என்று மாமா கேட்டார்.

"ஊரடங்கு மாமா. யாரும் வெளிய வரக் கூடாது."

"அது தெரியும். நூத்தி நாப்பத்தி நாலு போட்டா சொல்றாங்களே. அந்தப் பேரு எங்கேர்ந்து வந்துச்சி?"

என் கல்யாணப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் ஒரு தடிமனான ஆங்கில அகராதி இருந்தது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது. எடுத்துப் பார்த்தேன். பார்த்த எனக்கே உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அந்தச் சொல் ஆதியில் பிரெஞ்சுக்காரர்களுடையதாம். மூடு என்பதற்கு ஒரு சொல், நெருப்பு என்பதற்கு ஒரு சொல், இரண்டும் சேர்ந்து தேய்ந்து கர்ஃப்யூ ஆயிற்றாம். அந்தக் காலத்தில் சாயங்காலம் ஊரில் மணி அடிப்பார்கள். மணி கேட்டதும் வீட்டுக்கு வீடு அடுப்பை மூடிவிட வேண்டும். மூடுவதற்கு உலோகத்தில் கைப்பிடி வைத்த ஒரு சாமான் இருந்ததாம், அதற்கும் அதே பேர்தானாம். பிறகு அடுப்பு மறந்துபோய் மணி மட்டும் நிலைத்தது. அதற்கும் பிறகு மணியும் போய், வெளியே வராதே என்கிற உத்தரவு மட்டும் மிஞ்சியது.

நம் தமிழில் ஊரடங்கு என்கிறோம். அது தெருவைப் பார்த்துச் சொன்ன சொல். கர்ஃப்யூ என்கிற சொல்லோ வீட்டுக்குள் நுழைந்து அடுப்பைப் பார்க்கிறது.

மாமா எழுந்து நின்றுவிட்டார். "இன்னாது! வெள்ளக்காரனும் பொழுது சாஞ்சா அடுப்ப மூடனானா? மூடி கூட வெச்சிருந்தானா?"

"ஆமாங்க மாமா."

"அப்ப அவனும் ஒரு காலத்துல நம்ம தர்மத்துலதான்டி இருந்திருக்கான்!" என்று அத்தையைப் பார்த்துச் சத்தம் போட்டார். "பூச்சி சாவக் கூடாதுன்னு மணி அடிச்சி மூடியிருக்கான் பாரு. நடுவுல எவனோ கறி திங்க வெச்சி கெடுத்துட்டான்."

அகராதியில் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் இரண்டு வரி இருந்தது. அந்தக் காலத்து வீடுகள் மரமும் வைக்கோலுமானவை, ஒரு வீட்டில் பொறி பறந்தால் ஊரே சாம்பல், அதனால்தான் அந்த மணி. பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் அதைப் படித்துச் சொல்லவில்லை. அந்த மனுஷர் முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது.

மறுநாளிலிருந்து மண்டியில், கோயிலில், பஸ் நிறுத்தத்தில் எல்லாம் இதே பேச்சு. இங்கிலாந்து ராஜா ஆதியில் ஜைனர் என்று செஞ்சியில் பாதிப் பேருக்காவது மாமா சொல்லிவிட்டார். சிரிக்கிறவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள்.

இலை மூடியா, திறந்தா

கொல்லை பெருக்குவது என் வேலை. விடிந்ததும் துடைப்பத்தோடு போனால், கதவுப் படிக்கு எதிரே ஒரு நுனி வாழையிலை கிடக்கும். யாரோ சாப்பிட்டு மடித்த இலை. பருக்கைகூட ஒட்டியிருக்காது. நாயும் குரங்கும் தின்றால் இலையைக் கிழித்துப் போடும், மடித்துவிட்டுப் போகாது.

நான் பெருக்கிய முதல் நாளே உள்ளறையிலிருந்து பெரியம்மா குரல் வந்தது. "ஏம்மா, எல மூடியா கெடக்குதா, தெறந்தா?"

"மூடி, பெரியம்மா."

"எந்தப் பக்கம்?"

சாப்பிட்டவர் இலையைத் தன் பக்கமாக மடித்தால் உறவு நீடிக்கும் என்பார்கள். சாவு வீட்டில்தான் எதிர்ப்பக்கம் தள்ளி மடிப்பது. "தன் பக்கம்தான்" என்றேன். பெரியம்மா "சரி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தினமும் இதே கேள்வி, இதே பதில். புத்தி பேதலித்தவர் என்று நினைத்து நான் மேலே கேட்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

பெரியம்மாவுக்கு ஒரே மகன், பேர் தரணி. இருபது வயசுப் பிள்ளை, மாமாவோடு மண்டியில் வேலை பார்த்தானாம். நான் அந்த வீட்டுக்கு வருவதற்குச் சில வருஷம் முன்பு ஒருநாள் காணாமல் போய்விட்டான் என்று மட்டும் என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். பட்டாளத்துக்குப் போனான் என்றார்கள் சிலர். செட்டிகுளத்துப் பக்கம் போனதைப் பார்த்தோம் என்றார்கள் சிலர். குளத்தில் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து பெரியம்மா படுக்கைதான்.

சூடான மூடி

இப்போது நான் ஆரம்பித்த சாயங்காலத்துக்கு வருகிறேன். சத்தம் நின்றுவிட்டது. மாமாவும் அத்தையும் திரும்பி வந்தார்கள். அத்தை நேராக அடுப்பங்கரைக்குப் போய் மூடியைத் தொட்டுப் பார்த்தார். கை சுட்டது.

"இன்னிக்கு மட்டும் இல்ல, ஒரு வாரமா தொட்டுப் பாத்துக்கினுதான் இருக்கறேன்" என்றார். "ஏம்மா ராஜமதி, பசிச்சா பொழுதோட ரெண்டு வாய் கூடச் சாப்புடேன். யாரு வேணான்னாங்க? நாங்க கோயிலுக்குப் போனதும் அடுப்பத் தெறந்து ஆக்கித் திங்கறியா?"

"நான் இல்லீங்க அத்தை."

"அப்ப யாரு? காலு வெளங்காதவளா வந்து ஆக்கறா?"

பேய் ஆக்குகிறது என்று சொல்வதா? இத்தனைக்கும் ராத்திரி முழுக்கப் பசியில் சுருண்டு கிடந்தவள் நான். திருடாமலே திருட்டுப் பட்டம் வாங்கினேன்.

அத்தை மாமாவைப் பார்த்தார். "இவ நைனாவுக்கு லெட்டர் போடுங்க, வந்து கூட்டினு போவட்டும். அடுப்பு தர்மம் தெரியாதவ இந்த வூட்ல இருக்க வேணாம்."

வளைகாப்புக்குக்கூட நாள் பார்க்காமல், ராத்திரியில் திருடித் தின்றவள் என்று பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பினால் எங்கள் ஜாதியில் அந்தப் பேர் சாகிறவரை போகாது. வயிற்றில் இருந்த பிள்ளைக்கும் சேர்த்து ஒட்டிக்கொள்ளும். மாமா எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமாவாச போவட்டும்" என்றார் கடைசியில். "இப்ப மலையனூர் அம்மன் கோயில் கூட்டம். பஸ்ல நிக்க எடம் இருக்காது."

அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது.

குதிருக்குப் பின்னால்

மறுநாள் சாயங்காலம் கோயிலுக்குப் போகிறவர்கள் போனதும், கொலுசைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். அடுப்பங்கரைக்கு எதிரே இருந்த நெல்லுக் குதிருக்குப் பின்னால் போய் நின்றேன். பேயோ பிசாசோ, பார்த்துவிட வேண்டும். பேயைவிட மானம் பெரிதாகிவிட்டது எனக்கு.

முதலில் தரையில் துணி உரசுகிற சத்தம். உள்ளறையிலிருந்து பெரியம்மா வந்தார். நடந்து வரவில்லை. உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து வந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கைப்பிடியைப் பிடித்து மூடியை இழுத்தார். கர்ரக்.

சாம்பலைக் கிளறி மல்லாட்டைத் தோலைப் போட்டு ஊதினார். ஒரு பிடி அரிசி. அது வெந்ததும் கொல்லைக் கதவைத் திறந்து, கைக்கெட்டிய வாழையிலையில் நுனியைக் கிள்ளி, படிக்கு எதிரே போட்டுச் சோற்றைத் தட்டினார். பிறகு அந்த இருட்டைப் பார்த்து, அடுத்த அறையில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி மெதுவாகக் கூப்பிட்டார்.

"தரணி, வாடா. அடுப்பு தெறந்துதான் இருக்குது."

பெரியம்மா கதவைச் சாத்தி, மூடியைப் பழையபடி கவிழ்த்துவிட்டு, வந்த மாதிரியே தேய்த்துக்கொண்டு போய்விட்டார்.

நான் நகரவில்லை. கதவு இடுக்கில் கொல்லை தெரிந்தது. பின்சந்துப் படல் திறந்தது. தலையில் முக்காடு போட்ட ஓர் உருவம், வெள்ளை வேட்டி, இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. குழம்பில்லை, மோரில்லை. வெறும் சோற்றை அள்ளி அள்ளி விழுங்கியது. ஒவ்வொரு வாய்க்கும் தோள் குலுங்கியது. முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடித்தது.

வந்துவிட்டான், தரணி வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். கதவைத் திறந்துவிட்டேன்.

உருவம் நிமிர்ந்தது. மாமா.

கோயிலில் அத்தை பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்க, இவர் பின்சந்து வழியாக வந்திருக்கிறார். பொழுது சாய்ந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷர், கையில் சோற்றுப் பசையோடு என் முன்னால் நின்றார்.

"எல மூடாம கெடந்தா அக்கா அன்னிக்கெல்லாம் பச்சத்தண்ணி குடிக்க மாட்டாம்மா" என்றார்.

பிறகு தானாகவே சொன்னார். "அன்னிக்கு திண்டிவனத்துல பஸ்ஸு கெட்டுப் போயி, லேட்டா வந்தான் தரணி. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல. மாமா, பொழுது இன்னும் சாயல, மலதான் மறைக்குது, தெருவுல வெயிலு இருக்குது பாருன்னான். நெசந்தான். வெயிலு இருந்துச்சி. அடுப்ப மூடியாச்சி, விடிஞ்சி சாப்டுக்கோன்னு சொல்லிட்டேன். அப்படியே எறங்கிப் போய்ட்டான்."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. "அப்ப நான் மெட்ராஸ் போகணுமா மாமா?" என்று கேட்டேன்.

அவர் முக்காட்டை எடுத்து உதறிவிட்டு, வந்த வழியே கோயிலுக்குத் திரும்பிப் போனார்.

புத்தகத்தில் இல்லாதது

அமாவாசை முடிந்த மறுநாள், அத்தை பேனாவையும் கடிதத் தாளையும் மாமா முன்னால் வைத்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா பேனாவைத் திறந்தார், மூடினார்.

"எழுத வேணாம். சாப்டது நானு."

அத்தை முதலில் சிரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். மாமா எல்லாவற்றையும் சொன்னார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனாலும் அந்த வீட்டில் கூடத்தில் பேசினால் உள்ளறைக்குக் கேட்கும். என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் அக்காவின் பிள்ளையை இரண்டாம் தடவை அனுப்பிவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

அன்று சாயங்காலம் சத்தம் கேட்கவில்லை. மறுநாள் கொல்லையில் இலை இல்லை. பெரியம்மாவும் கேட்கவில்லை. கஞ்சி கொடுத்தால் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள், மூன்று நாள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அழுது பார்த்தார். அந்தச் சத்தத்துக்குப் பயந்து செத்த நானே, சாயங்காலமானால் அது கேட்காதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் மத்தியானம் மாமா என்னைக் கூப்பிட்டார். கையில் பேப்பர் இல்லை.

"ஏம்மா, அந்த வெள்ளக்காரன் எதுக்கு அடுப்ப மூடனான்? உசுரு சாவக் கூடாதுன்னுதானே?"

இந்த முறை மறைக்க மனசு வரவில்லை. "இல்லீங்க மாமா. ஊரு எரிஞ்சிடக் கூடாதுன்னு."

"உசுருக்காக இல்லியா?" கொல்லைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "சரி, மணி அடிச்சப்புறம் பசியோட ஒருத்தன் வந்தா, தெறந்தானா?"

"புஸ்தகத்துல அது இல்லீங்க மாமா" என்றேன்.

அன்று சாயங்காலம் மாமா கோயிலுக்குப் போகவில்லை. மலை நிழல் கதவைத் தொட்டது, அடுப்பை மூடினார்கள், இருட்டு வந்தது. மாமா எழுந்து போய் மூடியைத் தன் கையால் இழுத்தார். கர்ரக். சமைத்தே அறியாத மனுஷர், ஒரு பிடி அரிசியைக் குழைய வேகவைத்து, இலையில் போட்டு, கொல்லை இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். "தரணி, வாடா. அடுப்பு தெறந்துதான் இருக்குது." குரல் உடைந்து பாதிதான் வந்தது.

பிறகு உள்ளே வந்து, பெரியம்மாவின் கண் எதிரே, அறை வாசலில் உட்கார்ந்துகொண்டார். இன்றைக்கு நான் போய்ச் சாப்பிடப்போவதில்லை, பார் என்று அக்காவுக்குக் காட்டுகிற மாதிரி. விடிகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அத்தையும் நானும் கூடத்தில் அடுத்தடுத்துப் படுத்திருந்தோம்.

விடிந்ததும் துடைப்பத்தோடு போனேன். இலை மடித்துக் கிடந்தது. பிரித்துப் பார்த்தேன், ஒரு பருக்கை இல்லை. ஆனால் எதிர்ப்பக்கம் தள்ளி மடித்திருந்தது. சாவு வீட்டில் மடிப்பார்களே, அப்படி.

அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். கதவில் மாமா நின்றிருந்தார். அவரும் பார்த்துவிட்டார். "நீயாம்மா?" என்று உதட்டால் கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். நீங்களா என்று பல வருஷம் கழித்து அத்தையிடமே கேட்டிருக்கிறேன். ராஜமதி, எனக்குக் கொல்லைக் கதவைத் திறக்கவே அன்னிக்குத் தைரியம் இல்லை என்றுதான் சொன்னார்.

உள்ளேயிருந்து, இத்தனை நாள் கழித்து, அந்தக் குரல் வந்தது.

"ஏம்மா, எல மூடியா, தெறந்தா?"

"மூடி, பெரியம்மா."

"எந்தப் பக்கம்?"

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தன் பக்கம்தான் பெரியம்மா" என்றேன்.

"சரி. கஞ்சி இருந்தா குடு" என்றார் பெரியம்மா.

அன்று மாமா அந்த மூடியை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லை மூலையில் போட்டுவிட்டார். சாயங்காலம் அத்தை கனல்மேல் ஒரு கம்பிச் சல்லடையைக் கவிழ்த்தார். பூச்சி விழாது, ஆனால் உள்ளே நெருப்பு இருப்பது தெரியும். கொல்லைக் கதவைத் திறந்து வைத்தால், பின்சந்திலிருந்து பார்க்கிறவனுக்கும் தெரியும். பெரியம்மா இருந்தவரை அந்தக் கதவை நாங்கள் பொழுது சாய்ந்து சாத்தவில்லை.